காந்தம் இழுத்த திருகாணி

ராகினிக்குத் தன் அளவீட்டின் மேல் அவ்வளவு கர்வம். கெலுகோரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடம். அங்கே அவளும் சக மாணவன் புவனேஸ்வரனும் ஒரே குறைக்கடத்தித் துண்டைத்தான் முறைவைத்துச் சோதித்தார்கள். அதற்குள் தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய ஓர் அடுக்கு. குவாண்டம் கிணறு என்பார்கள். லேசர் பட்டால் அங்கே ஓர் எலக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் ஜோடி சேர்ந்து எக்ஸிட்டான் ஆகி, சட்டென்று ஒளியாகி மறையும். காந்தப்புலத்தை ஏற்றினால் ஜோடி நெருக்கப்பட்டு, அந்த ஒளியின் ஆற்றல் சற்றே உயரும். எவ்வளவு உயரும் என்பதில்தான் இருவருக்கும் வழக்கு.

புவனுக்குச் சொற்பமாக உயர்ந்தது. ராகினிக்கு அதைப்போல் மூன்று மடங்கு. வாராந்தரக் கூட்டத்தில், பேராசிரியர் நோர்மாவின் முன்னிலையில், புவனுக்குக் கருவியைத் தொடவே தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். பாவம், அவனும் நம்பிவிட்டான். எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டான். ஆய்வே வேண்டாமென்று பிறை நகரில் ஒரு தொழிற்சாலை வேலையும் தேடிக்கொண்டான்.

பிறகொரு நாள் ராகினி துண்டின் பிடிப்பானைக் கழற்றினாள். கை நழுவிய திருகாணி அலமாரிக் கதவின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே இருக்கவேண்டியது பித்தளை; அது ஒட்டாதே. அப்போதுதான் உறைத்தது: புவன் அளந்து முடித்த பிறகு பித்தளைத் திருகாணியைத் தொலைத்துவிட்டு, இழுப்பறையில் கைக்குக் கிடைத்ததை மாட்டியவள் அவளேதான். புலம் ஏற ஏற இந்த இரும்பு பிடிப்பானையே இழுத்திருக்கிறது. லேசர் புள்ளி கிணறு இன்னும் மெலிந்த இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. அங்கே காந்தமே இல்லாவிட்டாலும் ஒளியின் ஆற்றல் கூடத்தான் செய்யும். எக்ஸிட்டான் ஒழுங்காகத்தான் இருந்தது, ஒழுங்கில்லாதவள் இவள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. சத்தமில்லாமல் பித்தளையை மாட்டி மறுபடி அளந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

புவன் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"புவன், தப்பு என்னோடதுலா. நான் போட்ட ஸ்க்ரூ இரும்பு. உன் ரீடிங்தான் சரி. மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன்."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் முகமோ மலர்ந்துவிட்டது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, நான் அளந்தது சரிதானாம். இனி பிறைக்குப் போகல. ராகினிதான் கண்டுபிடிச்சா. இங்கதான் நிக்கிறா, பேசுங்க."

போனை அவள் கையில் கொடுத்தான். அந்த அம்மா ராகினிக்கு நன்றிமேல் நன்றி சொன்னார்.