ஹால்டர்மாயர் நிற்காது

காங்கேயத்தில் என் கடை வாசலில் ஒரு ஹால்டர்மாயர் கார் நின்றுபோனதால், அந்த ஜெர்மன் கம்பெனியின் நூற்றுநான்கு வருட வரலாறு மறுபடியும் முதலிலிருந்து எங்கள் ஊரில் நடக்க வேண்டியதாயிற்று.

ஹால்டர்மாயர் கார்களுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர்தான்: நிற்காது. கொப்பரை வியாபாரி பொங்கியண்ணன் பதினோரு வருடமாக அந்தக் காரை வைத்திருந்தார். ஒரு தடவைகூட அது நிற்கவில்லை. ஏறுவதும் இறங்குவதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அவர் சாப்பிட உட்கார்ந்தால் கார் வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருக்கும். பெட்ரோல் பங்க்கில் வேலை செய்யும் பெண் குழாயைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி டீசல் போடுவார். பொங்கியண்ணனுடைய மகள் கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு அதில் தாவி ஏறியதை வீடியோவில் இன்றைக்கும் பார்க்கலாம்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அது நின்றது. பொங்கியண்ணன் பழக்கத்தில் கதவைத் திறந்து குதித்து, பத்தடி தனியாக ஓடினார். திரும்பிப் பார்த்தார்.

“ஏப்பா நாச்சிமுத்து, இது நின்னுபோச்சப்பா.”

நான் வெட் கிரைண்டர் ரிப்பேர் செய்கிறவன். காரைத் தொடவில்லை. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த உத்தரவாதத்தைப் படித்தேன். ‘நின்றால், நின்ற இடத்தில், முதலிலிருந்து’ என்று இருந்தது. கீழே ஒரு தொலைபேசி எண். கூப்பிட்டேன்.

நான்காம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். பெயர் இங்கெபோர்க். எங்கள் ஊர்க்காரர்கள் அதை ‘இங்கே போ’ என்று கேட்டுக்கொண்டு, ‘எங்கீங்கம்மா?’ என்று கேட்டார்கள். அவர் நல்ல தமிழ் பேசினார். விமானத்தில் ஒன்பதரை மணி நேரம் சும்மா இருந்ததாம், அதில் படித்துக்கொண்டாராம். கையில் ஒரு பச்சைப் பெட்டி. அதற்குள் நூற்றுநான்கு பக்கங்கள்.

“ஒரு வருடத்துக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள்” என்றார். “முதல் பக்கம்: நிறுவனர் தன் நண்பருடன் சேர்ந்து காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் செய்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?”

“மாவு அரைக்கிற இயந்திரம் ரிப்பேர்.”

“பொருந்துகிறது. நீங்கள்தான் நிறுவனர். நண்பர் யாராவது உண்டா?”

சென்னியப்பன் உண்டு. ஐடிஐயில் என்னோடு படித்தவன். அவன் தங்கை கோகிலாவைத்தான் நான் கட்டியிருக்கிறேன். பக்கத்துக் கடையில் லேத் வைத்திருந்தான். என் கிரைண்டர்களுக்கு ஷாஃப்ட் எல்லாம் அவன் கடைந்து கொடுத்ததுதான். பத்தொன்பது வருடமாகப் பதினோரு மணி டீயை இரண்டு பேரும் சேர்ந்தே குடித்தோம். அவனைக் கூப்பிட்டேன். வந்து, கையைத் துடைத்துவிட்டு, கூட்டாளி என்று கையெழுத்துப் போட்டான்.

வரலாறு முடியும்வரை உலகத்தில் எந்த ஹால்டர்மாயர் சொந்தக்காரரும் தன் காரைப் பற்றிப் பெருமை பேசக் கூடாது என்று உத்தரவு போயிருந்தது. பொங்கியண்ணனுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. தினமும் காலையில் வந்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு போவார்.

“ஒரு பக்கம் தவறினால் என்ன ஆகும்?” என்று கோகிலா கேட்டாள்.

“அதற்குப் பின்னால் இருக்கிற பக்கங்கள் நடந்திருக்காது” என்றார் இங்கெபோர்க் அம்மா. “என் அப்பாவும் அம்மாவும் எங்கள் பெயின்ட் பிரிவில் வேலை செய்தவர்கள். அங்கேதான் சந்தித்துக்கொண்டார்கள். ஐம்பத்திரண்டாம் பக்கம்.”

கோகிலா அவருக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

முதல் எட்டு நாள் கொண்டாட்டமாகப் போனது. மூன்றாம் நாள் சைக்கிள் செய்தோம். ஆறாம் நாள் இரண்டு கிரைண்டர் மோட்டாரும் மூன்று சக்கரமும் வைத்து முதல் கார் செய்தோம். அது ஓடிக்கொண்டே மாவும் ஆட்டியது. ஏழாம் நாள் ஒரு மந்திரி அதில் ஏறி மகிழ்ந்ததாகப் பக்கத்தில் இருந்தது. மந்திரிக்கு எங்கே போவது? எதிர்க்கடை பேக்கரிக்காரருக்குத் தலைப்பாகை கட்டி ஏற்றினோம். மகிழ்ந்தார். இங்கெபோர்க் அம்மா ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

ஒன்பதாம் பக்கத்தை அவர் மெதுவாக வாசித்தார். “நிறுவனரும் கூட்டாளியும் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். காரணம் தெரியவில்லை. அதன்பின் அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. கூட்டாளி கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய்ப் போட்டிக் கம்பெனி ஆரம்பிக்கிறார்.”

“இன்னைக்கேங்களா?” என்று கேட்டான் சென்னியப்பன்.

“மாலை ஆறு மணிக்குள்.”

நாங்கள் முயன்றோம். அவன் என்னை மடையன் என்றான். நான் அவனைத் தடியன் என்றேன். பதினோரு மணிக்கு டீ குடித்தோம். மதியம் அவன் என் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி எறிந்தான், பிறகு அவனே போய் எடுத்து வந்து துடைத்துக் கொடுத்தான். நான்கு மணிக்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. பேக்கரிக்காரரும் வந்து சேர்ந்து சிரித்தார். இங்கெபோர்க் அம்மா மட்டும் தன் உள்ளங்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு அது லேசாக மங்கியிருந்தது. கைக்கு அந்தப் பக்கம் இருந்த காலண்டர் தெரிந்தது.

கோகிலா அதைப் பார்த்தாள். எழுந்து வந்து எங்கள் நடுவில் நின்றாள்.

“அண்ணா, இவரப் பத்தி கல்யாணத்துக்கு முன்னால எங்கிட்ட என்ன சொன்னே? நானே சொல்லட்டுமா?”

“கோகிலா, வேண்டாம்.”

“‘கல்லுச் சுத்தற மாதிரி இருந்த எடத்துலயே சுத்திட்டு இருப்பான், உன்னக் கூட்டிட்டு ஒரு எடம் போக மாட்டான்’னு சொன்னே. சொன்னியா இல்லியா?”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நான் அவளை ஊட்டிக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை. அது சென்னியப்பனுக்கும் தெரியும்.

“சொன்னியா மச்சான்?”

“சொன்னேன். பொய்யா?”

பத்தொன்பது வருடமாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அது அப்போது தானாக வாயில் வந்தது. “நீ கடைஞ்சு குடுத்த ஷாஃப்ட் ஒண்ணுகூட அளவு சேர்ந்ததில்ல. எல்லாமே மயிரிழை கூடத்தான் இருக்கும். ஒவ்வொண்ணையும் நீ போனதுக்கப்புறம் அரம் போட்டு ராவித்தான் மாட்டியிருக்கேன். பத்தொம்பது வருசமா.”

அவன் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. வெளியே போனான். ஆறு மணிக்குள் லேத்தைக் கழற்றி டெம்போவில் ஏற்றிவிட்டான். கோகிலா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். இங்கெபோர்க் அம்மா பென்சில் கோட்டைப் போட்டுவிட்டு, வெங்காயம் எதுவும் நறுக்க வேண்டுமா என்று கேட்டார். அவர் கை நல்ல சிவப்பாக இருந்தது.

சென்னியப்பன் கீழ்பவானி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகை போட்டு, வரலாற்றில் இருந்தபடியே போட்டிக் கார் செய்தான். ‘சொன்ன இடத்தில் நிற்கும்’ என்று போர்டு வைத்தான். பதினோரு வருடம் தாவித் தாவி ஏறியதைப் பார்த்திருந்த ஊர், வாய்க்காலைத் தாண்டிப் போய் அதை வாங்கியது. நான் ஷாஃப்ட்களைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தேன். எல்லாம் அளவு சரியாக இருந்தன. அரத்துக்கு வேலையே இல்லை. கிரைண்டர்கள் சத்தமில்லாமல் ஓடின. எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து இருபத்தைந்தாம் பக்கம் வரை இங்கெபோர்க் அம்மா எங்களிடம் கொடுக்கவில்லை. “இவை சர்வாதிகாரமும் போரும் நடந்த வருடங்கள். ஒரு தடவை நடந்ததே அதிகம். இவற்றை நான் மட்டும் படிப்பேன்” என்றார். பதின்மூன்று நாள் கடை மூடியிருந்தது. அவர் உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தார். படித்து முடித்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கோகிலா வாசலில் தண்ணீர் வைத்துவிட்டு வருவாள்.

இருபத்தாறாம் நாள் கதவைத் திறந்தோம். அதற்குப் பிறகு ஒரே ஓட்டம்தான். முப்பத்தொன்றாம் பக்கத்தில் தாராபுரம் ரோட்டில் பந்தயம். கொட்டும் மழையில் நான்கு நிமிட வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். மழை பக்கத்தில் இருந்ததால் வந்தது. எங்கள் ஊரில் மழை வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பந்தயத்தை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் ரோட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கார் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய் ஜெயித்தது. மறுநாள் காலையில் விவசாயிகள் வரிசையாக வந்து நின்றார்கள்.

“ஏனுங்கம்மா, இன்னும் எந்தெந்தப் பக்கத்துல மழை இருக்குதுங்க?”

பதினோரு பக்கத்தில் இருந்தது. அவர் தேதி எழுதிக் கொடுத்தார். சோளம் விதைத்தார்கள். நாற்பத்துமூன்றாம் பக்கத்தில் தொழிற்சாலைக் கூரையில் மூன்றடி பனி. அது என் கடைச் சுவரோடு நின்றுகொண்டது, பக்கத்துக் கடையில் ஒரு துளிகூட இல்லை. ஊரே அண்டாவோடு வந்து அள்ளிக்கொண்டு போனது. பேக்கரிக்காரர் மூன்று நாள் நன்னாரி சர்பத்தைத் தவிர வேறு எதுவும் விற்கவில்லை.

நாற்பத்தெட்டாம் பக்கத்தில் நிறுவனர் இறக்கிறார்.

“மாலை நான்கு மணிக்கு, நாற்காலியில், காப்பி குடித்த பிறகு” என்றார் இங்கெபோர்க் அம்மா. “ஒரு மணி நேரம் போதும். ஐந்து மணிக்கு எழுந்து நாளையிலிருந்து வேறு ஏதாவது பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம்.”

காப்பியைக் குடித்தேன். நான்கு மணிக்கு இறந்தேன். கோகிலா மாலை போட்டாள். பொங்கியண்ணன் என் காலடியில் நின்று, காரைப் பற்றிப் பெருமையாக ஏதோ சொல்ல வாயெடுத்து, உத்தரவு ஞாபகம் வந்து தேம்பினார். கூட்டம் நல்ல கூட்டம். இங்கெபோர்க் அம்மா பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றார். அதில் இப்படி இருந்தது: ‘முன்னாள் கூட்டாளி வந்தார். ஒரு நிமிடம் நின்றார். பேசவில்லை. போனார்.’

நாலரைக்குச் சென்னியப்பன் வந்தான். இளைத்திருந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. என் முன்னால் வந்து நின்றான். ஒரு நிமிடம் ஆனது. எல்லோரும் அவன் போவதற்கு வழி விட்டார்கள். அவன் போகவில்லை.

“மாப்பிள்ளை” என்றான்.

இங்கெபோர்க் அம்மா ‘பேசவில்லை’ என்று இருந்த வரியை மறுபடியும் பார்த்தார்.

“முப்பத்தொம்பது நாளா இந்த ஒண்ணத்தான் கடைஞ்சிட்டு இருந்தேன். கார் எல்லாம் ஆளுங்கதான் செஞ்சாங்க. அளந்து பாரு.”

செய்தித்தாளைப் பிரித்து ஒரு ஷாஃப்ட்டை என் மடியில் வைத்தான். நான் இறந்திருந்தேன். இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இங்கெபோர்க் அம்மாவையும் அவருடைய அப்பாவையும் அம்மாவையும் பெயின்ட் பிரிவையும் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஷாஃப்ட் மடியில் சூடாக இருந்தது. லேத்திலிருந்து எடுத்து நேராக வந்திருக்கிறான்.

“நீங்கள் அளக்கலாம்” என்றார் இங்கெபோர்க் அம்மா மெல்லிய குரலில். “என்னைப் பார்க்காதீர்கள்.”

“கோகிலா, வெர்னியரை எடு” என்றேன்.

மூன்று இடத்தில் அளந்தேன். துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தேன்.

“மயிரிழை கூட இருக்குது மச்சான்.”

அவன் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு திரும்ப என் மடியிலேயே வைத்தான். “சரி, நீ ராவிக்கோ” என்றான்.

நான் மாலையைக் கழற்றிவிட்டு அரத்தை எடுத்தேன். அவன் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டான். கோகிலா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் மாறி மாறித் திட்டினாள்.

அதற்குப் பிறகுதான் இங்கெபோர்க் அம்மாவைப் பார்த்தோம். இருந்தார். தன் கைகளைப் பார்த்தார், முகத்தைத் தடவினார், காலைத் தரையில் தட்டினார். அவருடைய போன் அடித்தது. நீண்ட நேரம் ஜெர்மனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தலைமை அலுவலகத்தில் பழைய படங்கள் மாறிக்கொண்டிருக்கின்றனவாம்” என்றார். “நிறுவனர் தனியாக நின்ற படங்களில் இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள். இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டது. பெரிய தொழிற்சாலை, பொதுவான கேன்டீன். என் அப்பாவும் அம்மாவும் கேன்டீன் வரிசையிலேயே சந்தித்துவிட்டார்கள், ஒரு வருடம் முன்னதாக.” கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பிறந்த தேதியைப் பார்த்தார். “எனக்கு ஒரு வயது கூடியிருக்கிறது.”

“வாழ்த்துகளுங்கம்மா” என்றார் பேக்கரிக்காரர். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். யாரோ கேசரி கிண்டினார்கள்.

மீதி ஐம்பத்தாறு பக்கமும் சிரமமில்லாமல் போனது. விவசாயிகளின் மழை எல்லாம் தேதி தவறாமல் வந்தது. நூற்றுநான்காம் நாள் மாலை, கடைசிக் கோடு போட்டதும் பொங்கியண்ணனின் கார் தானாக உறுமிக் கிளம்பியது. அவர் பக்கத்தில் ஓடிப் போய்த் தாவத் தயாரானார். ‘கொஞ்சம் நில்லு’ என்று வாய் தவறிச் சொன்னார். நின்றது. கதவைத் திறந்து, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறினார். பிறகு கண்ணாடியை இறக்கி, நூற்றுநான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்த பெருமையை எல்லாம் இரண்டு மணி நேரம் பேசினார். இங்கெபோர்க் அம்மா அந்தக் காரிலேயே விமான நிலையம் போனார். கோகிலா வழிக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சென்னியப்பன் லேத்தைப் பழைய இடத்தில் இறக்கி மாட்டிக்கொண்டிருந்தபோது, வெள்ளகோவிலிலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நூத்திநாலு வருசத்தையே இங்க ஓட்டிக் குடுத்தீங்களாமா, இது ஒரு நாளுதானுங்க. காலையில நல்லாத்தானுங்க ஓடுது. மத்தியானத்துக்கு மேல கடகடன்னு ஒரே சத்தம்.”

நான் அதைச் சுற்றிவிட்டேன். சென்னியப்பன் குனிந்து காதை வைத்துக் கேட்டான்.

“பேரிங்” என்றான்.

“எப்பங்க கிடைக்கும்?”

“புதன்கிழமை வந்து வாங்கிக்கங்க” என்றேன்.

“அதுவரைக்கும் என்னங்க பண்றது?”

திங்கட்கிழமையையே இன்னொரு தடவை ஓட்டிக்கொள்ளச் சொன்னோம். சரி என்று ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.