போகவிட்ட இரண்டு பருவங்கள்

தோள்வரை உறை மாட்டிய டாக்டர் ஜெயப்ரியாவின் கை முழங்கையைத் தாண்டி மாட்டுக்குள் போயிருந்தது. வாலை ஒதுக்கிப் பிடித்தபடி செல்வமேரி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, இருட்டில் சாவி தேடுகிற மாதிரி தேடிக்கொண்டிருந்தாள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில், இரண்டு அபார்ட்மென்ட்டுகளுக்கு நடுவே மிஞ்சிய கொட்டகை அது. வாசலில் படப்பையிலிருந்து வந்த குட்டியானை லோடு வண்டி. மாடு வாங்கி விற்கும் சிட்டிபாபு அதன் பின்கதவைத் திறந்தே வைத்திருந்தான். சினை இல்லையென்று டாக்டர் சொன்னால் இன்றே ஏற்றிவிடலாம் என்று செல்வமேரியின் புருஷன் வேதாசலம் வாக்குக் கொடுத்திருந்தார். சினை பிடிக்காத மாடு அவன் கையிலிருந்து எங்கே போகும் என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

மாட்டின் பெயர் டீச்சர். யார் உள்ளே வந்தாலும் வீட்டுப்பாடம் கேட்பதுபோல் நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கும்.

"இன்னாக்கா, மலட்டு மாட்ட கட்டிகினு இன்னும் எத்தினி நாளு அழுவப் போற?" என்றான் சிட்டிபாபு.

"அது மலடு இல்லடா. நான் பண்ண வேல."

உண்மைதான். ஐப்பசியில் டீச்சர் கன்று போட்டபோது நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். பாரத்தில் விழட்டும் என்று கொடியில் அரைச் செங்கல்லைக் கட்டிவிட்டாள். விடிவதற்குள் விழுந்தது, சந்தோஷப்பட்டாள். அறுந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது மூன்றாம் நாள் ஜுரத்திலும் நாற்றத்திலும்தான் தெரிந்தது. கர்ப்பப்பை ஆறுவதற்குள் மடி வீங்கிற்று. பின்பக்கத்து வலது காம்பு கல்லாகி, பால் திரிதிரியாக வந்தது. கண்ணு பட்டுவிட்டது என்று வேதாசலம் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கையில், "இல்லம்மா, நான்தான் செங்கல்லு கட்னேன்" என்று செல்வமேரி குறுக்கே சொன்னாள். சொல்லாமல் மறைத்தால் மருந்து தப்பாகிவிடுமே.

அதற்குப் பிறகு மாடு பருவத்துக்கு வந்து கத்தியது. அவசரப்பட்டு இரண்டு தடவை சினை ஊசி போட்டார்கள். இரண்டும் நிற்கவில்லை.

"உள்ள சீழ் இருந்தா கரு ஒட்டாதுக்கா. ஒட்டினாலும் மடி ஜுரம் கலைச்சிடும். ரெண்டும் ஆறட்டும், அதுவரைக்கும் பருவத்த விட்டுடுங்க" என்று அப்போது சொல்லியிருந்தாள் டாக்டர்.

விடுவது லேசா? ஒரு பருவம் போனால் இன்னும் மூன்று வாரம் சும்மா தீனி போடவேண்டும். அடுத்த முறை டீச்சர் கத்திய கத்தலில் நாலாவது மாடிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வேதாசலமே ஊசிக்காரரை அழைத்துவந்துவிட்டார். செல்வமேரி வாசலை மறித்து நின்றாள்.

"போயிட்டு வாங்கண்ணா. இன்னும் ஆறல."

"நீ இன்னா டாக்டருக்குப் படிச்சிக்கிறியா?" என்று கேட்ட வேதாசலம் அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த பருவத்துக்கும் அதே வாசல், அதே மறியல்.

படிக்கவில்லைதான். ஆனால் தினமும் காலையில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்பு டப்பா மூடியில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். பொடிப்பொடியாக வெள்ளை திரிந்தால், இன்னும் இல்லை. பருவத்துக்கு வழியும் கோழையை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பாள். வெள்ளை நூல் ஓடினால், இன்னும் இல்லை. ஈஸ்டருக்கு மறுநாள் மூடி சுத்தமாக இருந்தது. கோழைக்கு அடியில் அவள் கைரேகை பளிச்சென்று தெரிந்தது. "இப்பக் கூப்புடு ஊசிக்காரர" என்றாள் வேதாசலத்திடம். கல்லான காம்பில் மட்டும் பால் திரும்பவேயில்லை.

டாக்டர் கண்ணைத் திறந்தாள். "ஊசி போட்ட தேதி நல்லா ஞாபகம் இருக்காக்கா?"

"ஈஸ்டருக்கு மறுநாளு, சாயந்தரம்."

"கணக்கு சரியா இருக்கு. மூணு மாசம். நல்லா தங்கியிருக்கு."

அழுகை வரும் என்றுதான் செல்வமேரி நினைத்திருந்தாள். வரவில்லை, முதுகு தானாக நிமிர்ந்தது.

சிட்டிபாபு தலையைச் சொறிந்தான். "செனை மாடுன்னா வேற மாரி பேசலாம்க்கா. இன்னா சொல்ற?"

"டீச்சர வாங்குற அளவுக்கு நீ இன்னும் பாஸாவல. போடா."

டாக்டர் சிரித்துக்கொண்டே உறையைக் கழற்றிவிட்டு மாட்டின் பதிவு அட்டையை எடுத்தாள். "மாட்டுக்காரர் பேரு?"

எப்போதும் தன் பெயரைச் சொல்லும் வேதாசலம் தொண்டையைச் செருமினார். "செல்வமேரின்னு போடும்மா" என்று சொல்லிவிட்டு, புல்கட்டைப் பிரிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கயிறு தளர்ந்ததும் டீச்சர் மெல்லத் திரும்பி, தன் கனத்த தலையை முழுப் பாரத்தோடு செல்வமேரியின் தோளில் இறக்கி வைத்தது. ஈர மூச்சு கழுத்தில் பட்டது. தோள் வலித்தது. அவள் ஓர் அடிகூட நகரவில்லை.