வெள்ளைப் பொத்தான்

அன்று காலை அப்பா சுவரைத் தட்டி என்னை எழுப்பினார். அவருக்குக் குரல் இல்லை. தொண்டையில் வந்த கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கழுத்தில் தொங்கும் சின்னப் பலகையில் எழுதுவார், இல்லையென்றால் கணினியில் பொத்தானை அழுத்துவார். அன்று பலகையில் "கிளட்ச் போச்சு" என்று எழுதியிருந்தது.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தெருவில் அவருக்குப் பெயரே கிளட்ச் சார்தான். மின்விசிறி நின்றாலும் குடை மடங்காவிட்டாலும் அவரைப் பொறுத்தவரை அது கிளட்ச் போனதுதான். போய்ப் பார்த்தேன். கணினித் திரை கறுப்பாக இருந்தது. தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று மேலே ஒரே ஒரு வரி. முந்தின நாள் சாயங்காலம் தெருவில் மின்சாரம் போய்த் திரும்பியிருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமென்று எனக்குத் தோன்றியது, என்ன தொடர்பு என்றுதான் தெரியவில்லை.

அந்தக் கணினியில் அப்பாவின் குரல் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வாரங்களில் அண்ணன் ஊரிலிருந்து வந்து, மைக் வைத்து அவரைப் பேசவைத்துப் பதிவு செய்தான். திரை முழுக்கப் பொத்தான்கள். அழுத்தினால் அப்பா பேசுவார். "தண்ணி வேணும்", "வலிக்குது" என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கியங்களை முதலில் சொன்னார். அதில் அவருக்கு அலுத்துவிட்டது. பிறகு அவர் சொந்தச் சரக்கு. அண்ணனுக்கு, "வந்துட்டாரா துரை." எனக்கு, "சாப்டியா? பொய் சொல்லாத." வாசலில் ஹாரன் அடிப்பவர்களுக்கு, "பின்னாடி வர்றவன் உன் மாமனாரா? முன்னாடி பாத்து ஓட்டு." அம்மாவுக்கு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." இந்தக் கடைசிப் பொத்தானை அம்மாவே வந்து அழுத்திவிட்டுப் போவாள்.

ஆனால் பதிவு நடந்தபோதே அம்மாவுக்கு அது போதவில்லை. "ஊருக்கெல்லாம் பேசி வச்சிருக்கீங்க. எனக்குன்னு உருப்படியா ஒன்னும் இல்லையா?" என்று கேட்டாள். அப்பா எல்லாரையும் அறையைவிட்டு அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். சோறு பொங்கி வடிக்கிற நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தப் பதிவுக்குப் பெயர் எழுதாத ஒரு வெள்ளைப் பொத்தானை அண்ணன் வைத்தான். அப்பா அதை இதுவரை அழுத்தவில்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் பலகையில் "நேரம் வரட்டும்" என்று எழுதுவார். அம்மா, "எனக்கு ஒன்னும் அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு, துடைத்த மேசையையே மறுபடி துடைப்பாள்.

அன்று அவர்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பரிசோதனை முடிந்து வர மாலையாகும். செருப்பு மாட்டும்போது அப்பா கணினியைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். அந்தக் கட்டைவிரல் எனக்குப் பயமாக இருந்தது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறேன், மாலையில் கணினி பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இன்ஜினியரம்மா இருக்கிற வீட்ல நான் எதுக்கு?" என்றான்.

"விளையாடாதண்ணா. குரல் எல்லாம் போயிருக்குமா?"

"போகாது. அதுக்காகத்தானே ரெண்டு ஹார்டு டிஸ்க் போட்டேன். முதல்ல சிஸ்டம், ரெண்டாவதுல குரல். முதல் டிஸ்க் எரிஞ்சே போனாலும் கவலையில்ல. ரெண்டாவதத் தொடாத, அவ்வளவுதான்."

"வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"அதான் ரெண்டு இருக்கே" என்றான்.

அதைக் கேட்டபோது எனக்கும் நிம்மதியாக இருந்தது. இரண்டு இருந்தால் ஒன்றுக்கு ஒன்று துணை என்று இரண்டு பேருமே நினைத்தோம். இரண்டிலும் இருந்தது வேறு வேறு என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நான் எப்போதும் கேள்வி கேட்கும் தமிழ்க் கணினி மன்றத்தில் போனிலிருந்து எழுதினேன். திரையில் வந்த வரியை அப்படியே போட்டேன். மாடல், வயது, முந்தின நாள் மின்சாரம் போனது எல்லாம் வரிசையாக எழுதினேன். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதவில்லை. "முக்கியமான சில ஃபைல்கள்" என்று போட்டேன். அப்பாவின் தொண்டையை முகம் தெரியாதவர்கள் நடுவில் கொண்டுபோய் வைக்கக் கூச்சமாக இருந்தது.

முதல் பதில் பென்குயின்தாசன் என்பவரிடமிருந்து வந்தது, பென்குயின் படம் போட்ட இலவச சிஸ்டத்தின் பக்தர். "ஜன்னலத் தொறந்து வச்சா காத்து மட்டுமா வரும், கொசுவும்தான் வரும். அனுபவிங்க."

அடுத்து ஜன்னலோரம் என்பவர், எங்கள் கணினியில் இருந்த ஜன்னல் படம் போட்ட சிஸ்டத்தின் கட்சி. "பென்குயின் வளர்க்கணும்னா வீட்டையே ஐஸ் பெட்டியாக்கணும். அந்தப் பொண்ணு கேட்டது ரிப்பேர். நீ மதம் மாத்த வராத."

"ரிப்பேர் பண்ணி ரிப்பேர் பண்ணியே உங்க ஆயுசு போயிடும்."

"உங்களுக்கு பிரின்டர் வேலை செய்ய வைக்கவே ஆயுசு பத்தலயே."

இப்படியே போனது. பதில்கள் மளமளவென்று விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் விருப்பக்குறி. அதிக விருப்பம் வாங்கியது மேலே ஏறும், மற்றது கீழே இறங்கும். நான் குறுக்கே புகுந்து, "ஐயா, என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள். வகுப்பில் இந்தப் பிழையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை" என்று எழுதினேன்.

"ஈவினிங் கிளாஸா? ஓ, ஸ்க்ரூ டிரைவர் புடிக்கக் கத்துக்கொடுக்கிற கிளாஸா?" என்றார் ஜன்னலோரம். "தங்கச்சி, கடையில கொடுத்துடு. உனக்கு இது வேண்டாத வேலை."

அதற்குப் பதினாறு பேர் சிரித்திருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், எண்ணியிருக்கக் கூடாது.

அதன் பிறகு எனக்குக் கணினியை எழுப்புவதும் அந்த ஆளுக்குப் பதில் சொல்வதும் ஒரே வேலையாகிவிட்டது. பென்குயின்தாசன் மட்டும் என்னிடம் மரியாதையாகப் பேசினார். "சகோதரி, பழைய சிஸ்டம் செத்துப்போச்சு. அழிச்சிட்டு நம்மளோடதப் போடுங்க. அரை மணி நேர வேலை. பண்ணிட்டு வந்து இவர் மூஞ்சில காட்டுங்க."

அது எங்கள் வகுப்பிலும் சொல்வதுதான். தொடங்கவில்லையா, அழி, புதிதாகப் போடு, ஓட்டு. சார் அதை ஒரு பாட்டு மாதிரிச் சொல்வார், நாங்களும் கூடவே சொல்வோம். வகுப்பில் எத்தனையோ கணினிகளை அழித்துப் புதிதாக்கியிருக்கிறேன். அவற்றில் எதிலும் யாருடைய எதுவும் இருந்ததில்லை.

வகுப்பில் கொடுத்த, அந்தப் பென்குயின் சிஸ்டம் இருந்த பென் டிரைவைச் செருகினேன். அதிலிருந்து தொடங்கியது. எந்த ஹார்டு டிஸ்கில் போட வேண்டும் என்று கேட்டது. இரண்டு வரிகள். அண்ணன் இரண்டையும் ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கியிருந்ததால் ஒரே கம்பெனி, ஒரே அளவு. நான் அவசரப்படவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டேன். "ரெண்டாவதத் தொடாத" என்று அண்ணன் சொன்னதை வாய்விட்டுச் சொன்னேன். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவது வரியைத் தொடவில்லை. உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன்.

முடிந்ததும் திரை பளிச்சென்று நீலமாக வந்தது. சத்தமில்லாமல், வேகமாக, புதுக் கார் மாதிரி. படம் எடுத்து மன்றத்தில் போட்டேன். "ஓடுகிறது. ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை." கைதட்டல் படங்கள் குவிந்தன. பென்குயின்தாசன், "இன்னொரு வீட்டுக்கு விடுதலை" என்று எழுதினார். என் கேள்விக்குப் பக்கத்தில் தீர்ந்தது என்று பச்சைக்குறி விழுந்தது. வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு பேர் கைதட்டியதில்லை.

பிறகு அப்பாவின் குரலை எடுத்து வைப்பதற்காக இரண்டாவது டிஸ்கைத் திறந்தேன்.

அதில் பழைய சிஸ்டம் இருந்தது. செத்துப்போச்சு என்று எல்லாரும் சொன்ன அதே சிஸ்டம், ஒரு கீறல் இல்லாமல். பொத்தான்கள் இருந்த பக்கம் இருந்தது. திறந்தேன். வரிசை வரிசையாகப் பொத்தான்கள் வந்தன. "சாப்டியா" பொத்தானை அழுத்தினேன். சத்தம் வரவில்லை. எல்லாவற்றையும் அழுத்தினேன். வெள்ளைப் பொத்தானையும் அழுத்தினேன், அது எனக்கானது இல்லை என்று தெரிந்தும்.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. கணினிக்குள், கைக்கடிகாரத்தில் போடுவது மாதிரி ஒரு சின்ன பேட்டரி உண்டு. எந்த டிஸ்கிலிருந்து தொடங்க வேண்டும், எது முதல், எது இரண்டாவது என்பதை மின்சாரம் இல்லாத நேரத்திலும் மறக்காமல் வைத்திருப்பது அதுதான். அந்த பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் போய் வந்ததும் கணினி வரிசையை மறந்துவிட்டது. இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொண்டு, அதில் சிஸ்டத்தைத் தேடி, கிடைக்கவில்லை என்று சொன்னது. குரல் இருந்த இடத்தில்தான் நான் அழித்துப் போட்டேன்.

மன்றத்தில் இது எழுதியிருந்தது. சண்டை சூடாகும் முன்பே பழைய எலி என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். "பேட்டரி தீந்திருக்கும்மா. செட்டிங்ஸ்ல போயி டிஸ்க் வரிசைய மாத்திப் பாரு. வேற எதுவும் பண்ணாத." ஒரு விருப்பக்குறி இல்லை. ஜோக் இல்லாததால் அடியில் போய்க் கிடந்தது.

அப்பாவும் அம்மாவும் வந்தபோது நீலத் திரை எரிந்துகொண்டிருந்தது. அப்பா வாசலிலேயே அதைப் பார்த்துவிட்டார். மறுபடியும் கட்டைவிரலை உயர்த்தினார். வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, பொத்தானைத் தேடினார். நான் சொன்னேன். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்று நினைவில்லை. நடுவில் பேட்டரியைப் பற்றி விளக்க ஆரம்பித்தது மட்டும் நினைவிருக்கிறது.

"பேட்டரி கிடக்கட்டும்டி" என்றாள் அம்மா. "வந்துடுமா, வராதா?"



அப்பா பலகையை எடுத்தார்.  பிறகு "சாப்டியா" என்று எழுதிக் காட்டினார். அது அவருடைய கையெழுத்துதான். ஆனால் "பொய் சொல்லாத" என்பதை எழுதவில்லை.

அண்ணனிடம் போனில் சொன்னபோது, "ரெண்டாவதத் தொடாதன்னு சொன்னேனே" என்றான். "தொடலண்ணா" என்றேன்.  அவன் போனை வைக்கவில்லை. வண்டிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏதாவது வழி இருக்குமோ என்று மன்றத்தில் மறுபடி எழுதினேன். இந்த முறை எல்லாவற்றையும் எழுதினேன். அப்பா, தொண்டை, பொத்தான்கள்.  பிறகு ஜன்னலோரம், "பேக்கப் எடுக்கலையா?" என்று கேட்டார். பென்குயின்தாசன், "அதானே, பேக்கப் இல்லாம யாராவது கை வைப்பாங்களா?" என்றார். அன்று முழுவதும் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாதவர்கள், இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். "சரியாச் சொன்னீங்க தலைவரே" என்று ஒருவர் மற்றவருக்கு விருப்பக்குறி போட்டார். பழைய எலி மட்டும், "அந்த டிஸ்க்க இனிமே ஓட விடாதம்மா. கழட்டி உங்க சார்கிட்ட கொடு" என்று எழுதியிருந்தார்.

கழற்றிக் கொடுத்தேன். சார் அன்று பாட்டுப் பாடவில்லை. ஒரு வாரம் மாலை வகுப்பு முடிந்ததும் உட்கார்ந்து, அழிந்ததைத் தேடும் மென்பொருளை ஓட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். பதிவுகளின் கூடுகள் வந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. சிலவற்றைத் திறந்தால் மழை பெய்வது மாதிரி இரைச்சல். "இதும்மேலயே புதுசு உக்காந்துடுச்சும்மா" என்றார். "வேற டிஸ்க்ல போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கடைசி நாளில் ஒன்று பேசியது.

அப்பா தொண்டையைச் செருமினார். நாற்காலி நகர்ந்தது. "எல்லாரும் வெளிய போங்க" என்றார். கொஞ்சம் இடைவெளி. "நீயும்தான்." அம்மா சிரிப்பது தூரத்தில் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். மூச்சை உள்ளே இழுத்தார். அதன் பிறகு மழை.

சார் மூன்று முறை முயன்றார். மழைதான்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினேன். கொண்டுவராமல் இருந்திருக்கலாமோ என்று இன்றுவரை தெரியவில்லை. முடிந்ததும் அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்கவில்லை, கடைக்குப் போய்வந்தவரிடம் விலை கேட்பது மாதிரிக் கேட்டாள்.

"அப்புறம் என்ன சொன்னீங்க?"

அப்பா பலகையை மடியில் வைத்துக்கொண்டார். எழுதத் தொடங்கினார், விரலால் அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். விரல் நுனி கறுப்பாகிவிட்டது. கடைசியில் எழுதியதைத் திருப்பிக் காட்டினார்.

"மறந்துபோச்சு."

அம்மா அதைப் படித்தாள். "சரி விடுங்க" என்று சொல்லி, முந்தானையால் அவர் விரலைத் துடைத்துவிட்டாள்.

புது பேட்டரி போட்டாயிற்று. பழைய சிஸ்டம் பழையபடி தொடங்குகிறது. பொத்தான்கள் எல்லாம் இருக்கின்றன, ஒன்று மட்டும் பேசும். அண்ணன் அந்தத் துண்டை வெள்ளைப் பொத்தானில் வைத்துக் கொடுத்தான், அம்மா கேட்டுக்கொண்டாள் என்பதற்காக. அப்பா கணினிப் பக்கம் வருவதே இல்லை. அம்மாதான் வேலை முடித்துவிட்டு வந்து உட்காருவாள். அழுத்துவாள். கதவு சாத்தும் இடத்தில் நிறுத்திவிடுவாள், மழை வரைக்கும் போக மாட்டாள்.

"எல்லாரும் வெளிய போங்க" என்று அப்பா சொல்லும்போது நான் அந்த அறையில் இருந்தால், எழுந்து தெருவுக்குப் போய் நிற்கிறேன்.