ஜீப்பு கெளம்பிருச்சு

என் அப்பா போடியில் ஏலக்காய்த் தரகர். கடைப் போனை எடுத்து, "லோடு கெளம்பிருச்சுண்ணே, இந்நேரம் ஆண்டிபட்டி தாண்டிருக்கும்" என்று அவர் சொல்லும்போது, மூட்டைகள் எங்கள் குடோனில் வாய்கூடத் தைக்கப்படாமல் கிடக்கும். எதிர்முனையில் இருப்பவருக்கும் அது தெரியும். சரி, நாளைக்குத்தான் சரக்கு என்று நினைத்துக்கொள்வார். வியாபாரிகளுக்குள் அது பொய்யில் சேராது, ஒருவித மரியாதை. அந்த மரியாதையோடு வளர்ந்த நான் டாக்டருக்குப் படித்துக் கிருமி ஆராய்ச்சிக்குப் போனேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் நானூறு கைக்குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினேன். எந்தக் கிருமி எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை எங்கள் ஆள் வீட்டுக்குப் போய் மலம் எடுத்து வருவார்.

"பீயை வச்சு என்னத்தப் பண்ணப் போறீக?" என்று கேட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டாள் ஒருத்தி. பெயர் முத்துப்பேச்சி. நானே நேரில் போனேன். பேரத்தில் நான் என்றைக்குத் தோற்றிருக்கிறேன்?

"பிள்ளைக்கு முடியாமப் போனா ஒரு போனைப் போடுத்தா. எந்த நேரமானாலும் எங்க ஜீப்பு வந்து நிக்கும்."

கையெழுத்துப் போட்டாள். ஜீப்பைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு வரியும் கிடையாது. இல்லாதபடி பார்த்துக்கொண்டவனும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வந்தது. அவளுடைய எட்டு மாதப் பையன் இனியவனுக்கு விடிந்ததிலிருந்து தண்ணீராகப் போகிறதாம், கண் குழி விழுந்துவிட்டதாம். எங்கள் ஜீப் அப்போது, நிதி தர வந்திருந்த வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மேகம் காட்டிக்கொண்டிருந்தது.

"ஜீப்பு கெளம்பிருச்சுத்தா. அங்கனயே இரு" என்றேன்.

அவள் வியாபாரி இல்லை. நம்பினாள்.

பதினொரு மணிக்கு எஸ்டேட் ஜீப் ஒன்று கீழே இறங்கியிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொல்லி டிரைவர் கூப்பிட்டிருக்கிறார். "டாக்டர் ஜீப்பு வந்துக்கிட்டிருக்குண்ணே" என்று இவள் அனுப்பிவிட்டாள். எங்கள் ஜீப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. மலையைப் பாதி இறங்குவதற்குள் பையன் போய்விட்டான்.

ஆய்வுக் கட்டுரையில், இறந்த பிள்ளைகளுக்கு நேரே காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. 'குடும்பத்தினர் தாமதமாகக் கொண்டுவந்தனர்' என்று இனியவனுக்கு நேரே எழுதினேன். தாய்மார்களின் தாமதம் நல்ல சரக்கு, எல்லா ஊரிலும் விலை போனது. அதைப் பற்றி ஏழெட்டு நாடுகளில் பேசினேன். அந்தக் கிருமிக்குச் சொட்டு மருந்து வந்தது, பிள்ளைகள் பிழைத்தன, அதில் என் உழைப்பும் உண்டு. 'தாமதிக்காதே தாயே!' என்று நான் எழுதிக் கொடுத்த வாசகத்தைப் போஸ்டராக அடித்து ஊர் ஊராக ஒட்டினார்கள்.

போன மாதம் போடியில் எனக்குப் பாராட்டு விழா. சாயங்காலம் மண்டபத்து வாசலில் ஒருத்தி வழியை மறித்தாள். தலையில் மலைக்காட்டு வேலைக்குக் கட்டிய துண்டை அவிழ்க்கக்கூட இல்லை.

"என்னையத் தெரியுதா சார்?"

தெரிந்தது. முத்துப்பேச்சி.

"இப்ப ராசிங்காபுரத்துல இருக்கோம். உங்க போஸ்டரு எங்க தெரு முக்குல இருக்கு. எங்க மாமியா தெனம் அதைக் காட்டித்தான் என்னைய ஏசுது. 'டாக்டரு ஜீப்பு அனுப்புறேன்னாராம், மகாராசா மக காத்துக் கெடந்தாளாம். உன் லட்சணத்தை அவரே செவுத்துல எழுதிப்புட்டாருடி'ங்குது. எங்க வீட்டுக்காரரும் நம்பலை சார். பன்னெண்டு வருசமாச்சு."

"என்ன வேணும் சொல்லுத்தா. வேற பிள்ளைக இருக்கா? படிப்புச் செலவு ஏதாச்சும்…"

"வெலை பேசாதீக சார். அவரு அந்தா ஜீப்புல இருக்காரு. நடந்ததச் சொல்லிட்டுப் போங்க, போதும்."

"விழா முடியட்டுமே."

"ஜீப்பு நிக்காது. வெரசா வாங்க."

உள்ளேயிருந்து வெள்ளைத்துரை எட்டிப் பார்த்தார். விழா ஏற்பாடு அவர்தான், ஏலக்காய் வியாபாரி. "என்ன மாப்ளே, நன்கொடை கேக்குறாகளா? வாய்யா உள்ள, எல்லாரும் வந்தாச்சு."

"இந்தா வர்றேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.

மலையிலிருந்து வேலை முடித்து இறங்கிய ஜீப். உள்ளே பெண்கள் அடைந்து உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் அவள் கணவன் வேலுச்சாமி. அவன் காதருகே குனிந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க சார்" என்றாள் முத்துப்பேச்சி. "பின்னாடி இருக்கவுகளுக்குக் கேக்கலை."

மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்கப் பேசுகிறவன் என்று எனக்குப் பெயர். நிமிர்ந்து நின்று, பின்சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அன்னைக்கு ஜீப்பு கெளம்பலை. கெளம்பிருச்சுன்னு நான் பொய் சொன்னேன். இவுக அதை நம்பித்தான் காத்திருந்தாக. லேட் பண்ணது நான்."

"அடப்பாவி மனுசா!" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. "இவ வாங்குன பேச்சு கொஞ்சநஞ்சமாய்யா?"

வேலுச்சாமி பதறி இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். "விடுங்க சார். எம்புட்டுப் பெரிய ஆளு, எங்களுக்காக ரோட்டுல வந்து நிக்கிறீகளே. நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்கிறாதீக."

அரை நிமிடம் ஆகியிருக்காது. எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

"எங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லையா?" என்று அவனைக் கேட்டாள் முத்துப்பேச்சி.

அவன் திரும்பிப் போய் முன்சீட்டில் ஏறினான். டிரைவர் ஹாரன் அடித்தார். "சரி, வீட்டுல போயி ஆத்தாகிட்டயாச்சும் வாயத் தொறங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். என்னிடம் போய்ட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் மண்டபத்துக்குப் போனேன். மாலையைப் போட்டார்கள், குனிந்து வாங்கிக்கொண்டேன். தாய்மார்களின் தாமதம் பற்றி எப்போதும் சொல்வதை மட்டும் அன்று விட்டுவிட்டுப் பேசினேன். ஏன் விட்டேன் என்று யாருக்கும் தெரியாது. ஜீப்பில் பத்துப் பேர் முன்னால் சொன்னதை ஐந்நூறு பேர் முன்னால் சொல்லவில்லை. கைதட்டல் வழக்கம்போல இருந்தது.

போஸ்டர்களை எடுத்துவிடும்படி மறுநாள் சுகாதாரத் துறைக்குக் கடிதம் போட்டேன். உடனே பதில் வந்தது: 'நல்ல வாசகமாயிற்றே, என்ன காரணம்?'

மூன்று வாரம் ஆகிறது. இன்னும் எழுதவில்லை.