ரம்பம் தயாராகிறது

கட்டிலின் கால்களில் நாலு விரல் உயரம் அறுத்துவிட்டால் போதும், அம்மா தானே பாதம் ஊன்றி எழுந்து கழிவறைக்குப் போய்விடுவார் என்று உடற்பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண் சொல்லிவிட்டுப் போனாள். இடுப்பு முறிந்து படுத்ததிலிருந்து கட்டிலில் கிடந்தவள் காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை அதுதான். சாப்பாடு தட்டில் வருவதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். மலச்சட்டியும் அதே கையில் வருவதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் கை தங்கையுடையது.

அவள் கணவர் ஓய்வு பெற்ற மேலாளர். வேலையிலிருந்துதான் ஓய்வு, மேலாண்மையிலிருந்து அல்ல.

"தெருமுனையில தச்சர் இருக்காரு, அத்தான். கூப்பிட்டா ஒரு டீ ஆறுறதுக்குள்ள அறுத்துட்டுப் போயிடுவாரு" என்றாள் தங்கை.

"நம்ம கட்டில்ல கண்டவன் கை வைக்கறதா? நானே அறுக்கறேன். அதுக்கு ரம்பமும் நானே செய்யறேன்."

"பசிக்குதுன்னு சொன்னா ஏர் பூட்டக் கிளம்புவீங்க போலிருக்கே!"

ரம்பம் செய்யும் சாமான் பெட்டி தபாலில் வந்து சேர்ந்தது. உள்ளே அலகு, பித்தளைக் குமிழ்கள், முறுக்குக் கயிறு. நடுக்கட்டையும் இரு பக்கக் கைக்கட்டைகளும் சேர்ந்த மரச்சட்டம் வாங்கியவர் பாடு. நல்ல மரம் தேடியே பல நாள் கழிந்தது. பாதி திறந்த கதவு வழியே அவள் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவர் கட்டையை இழைத்ததைவிட அதைப் படம் எடுத்ததுதான் அதிகம். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் 'ரம்பம் தயாராகிறது' என்று போட்டார். யார் யாரோ கைகூப்பும் படம் போட்டார்கள். கட்டிலில் கிடப்பவளை விசாரிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

பெட்டியோடு வந்த விளக்கத்தாளைப் பொழுது போகாமல் அவள்தான் படித்தாள்.

"என்னங்க, நடுக்கட்டைய ரெண்டு கைக்கட்டையோடயும் பசை போட்டு ஒட்டக்கூடாதாம். அது கொஞ்சம் ஆடணுமாம். அப்பதான் மேல கயித்த முறுக்கினா கீழ அலகு விறைக்குமாம்."

"ஆடற மூட்டு ஒரு மூட்டா? நான் இருந்த ஆபீஸ்ல எதையாவது ஆட விட்டிருக்கேனா?"

ஆட விட்டதில்லைதான். முன்னால் வைத்த தாளைப் படித்ததுமில்லை. கையெழுத்துப் போட்டே பழக்கம். பசையைத் தாராளமாகப் பூசினார். காய்ந்ததும் கயிற்றை முறுக்கினார். படீரென்று ஒரு கைக்கட்டை நெடுக்காகப் பிளந்தது. அன்று குழுவில் 'முதற்கட்ட ஆய்வு வெற்றிகரமாக முடிந்தது' என்ற செய்தி வந்தது. மறுபடியும் மரம் தேடும் படலம்.

"அக்கா, அவர் வெளிய போற நேரமாப் பாத்து அந்தத் தச்சரைக் கூட்டியாரட்டுமா?"

"வேணாண்டி. மனுஷன் மூஞ்சி செத்துப்போயிடும்."

"உன் இடுப்பு போனாலும் அவர் மூஞ்சி போகக்கூடாது! நல்லா இருக்குக்கா உன் குடித்தனம்."

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அக்கா சுமந்த சாமான்களிலேயே கனமானது அந்த முகம்தான். இறக்கி வைக்கத் தெரியவில்லை.

பிசியோ பெண் ஒவ்வொரு முறையும் அவளுடைய கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ஊனாத காலு கரைஞ்சுக்கிட்டே போகும்மா. இன்னுமா கட்டில அறுக்கல?" போர்வைக்குள் கால் குச்சியாகிக்கொண்டு வந்தது. அவள் ரம்பத்தின் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள்.

கடைசியில் ரம்பம் தயாரானது. அதற்குள் பிசியோ பெண் வருவதை நிறுத்தியிருந்தாள். ரம்பம் நன்றாகவே அறுத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவளை நாற்காலிக்கு மாற்றிவிட்டு, கட்டிலைக் கவிழ்த்து, நாலு காலையும் நூல் பிசகாமல் அறுத்து முடித்தார். தங்கையும் அவருமாக அவளைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தார்கள். பாதம் இரண்டும் முழுசாகத் தரையில் படிந்தன. தரை ஜில்லென்றிருந்தது.

அவள் ஊன்றினாள். முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து இன்னொரு தரம் ஊன்றினாள். எங்கோ இருக்கும் அடுத்தவர் காலுக்கு உத்தரவு போட்டது போலிருந்தது. உடம்பு அணுவளவும் எழவில்லை.

"உயரம் எப்படி, கச்சிதமா இருக்கா?" என்றார் அவர், ரம்பத்தைத் தோளில் சாத்தியபடி.

"ரொம்பச் சரியா இருக்குங்க."

அவர் நல்ல வெளிச்சம் தேடி முன்னறைக்குப் போனார், ரம்பத்தைப் படம் எடுக்க.

"கதவைச் சாத்துடி" என்றாள் தங்கையிடம். "சட்டிய எடு."

கட்டில் தாழ்ந்துவிட்டதால், தங்கை இப்போது முன்னைவிட அதிகமாகக் குனிய வேண்டியிருந்தது.