இவர் புழக்கத்தில் இருக்கிறார்

தணிகாசலம் வீட்டில் தணிகாசலம் இரண்டு பேர். ஒருவர் அறுபத்தைந்து வயதுக்காரர், ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பவர். இன்னொருவர் நாற்பத்தொன்பது வயதுக்காரர், டிவி ஸ்டாண்டின் மேல்தட்டில் இருக்கும் வெள்ளைப் பெட்டியிலிருந்து வேண்டும்போது எடுக்கப்படுபவர். வயதில் சிறியவரை வீட்டில் எல்லோரும் பழையவர் என்றார்கள். பெரியவருக்குத் தனியாகப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

பெட்டியை வாங்கியது மகன் திவாகர். கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்த புதிதில், முதல் போனஸில் வாங்கிக்கொண்டு பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கினான். கரண்ட் ஒயரைத் தவிர வேறு ஒயர் கிடையாது. ஒரு மூலையில் வைத்துவிட்டால் போதும், தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் இருப்பதையெல்லாம் தானாகவே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் இருப்பதை எடுக்கும், கல்யாண போட்டோக்களை எடுக்கும், ஹாலில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருப்பவர்களையும் எடுக்கும். எது தொலைந்தாலும் முந்தின நாள் நகலிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முதல் வருஷத்து நகலைத் தவிர மற்றதெல்லாம் ஒரு நாள்தான் தங்கும். மகள் ஹேமலதாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் தொலைந்தபோது அப்படித்தான் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களின் அம்மா குமுதவல்லிக்கு ஒருமுறை பொறுமை தொலைந்து, மறுநாளே கிடைத்தது.

அது காப்புக்காக வாங்கிய பெட்டி. ஆபத்துக்கு உதவட்டும் என்று ஓரமாக இருக்க வேண்டியது. ஆனால் நம் வீடுகளில் ஒரு பொருளை ஓரமாக இருக்க விடுகிற வழக்கம் உண்டா? விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த கண்ணாடி டம்ளரில் ஆறே மாதத்தில் பல் தேய்க்கும் பிரஷ் நிற்கும். பெட்டியில் இடம் இவ்வளவு சும்மா கிடக்கிறதே என்று திவாகர் அதை வீட்டுக்கே பொதுவாக்கினான். மாடியில் குடியிருந்த ஹேமலதாவும் அவள் கணவன் எழிலனும், கீழே இருந்தவர்களும், யார் போனிலிருந்து வேண்டுமானாலும் போடலாம், எடுக்கலாம். முதலில் பாட்டுகளைப் போட்டார்கள், பிறகு சினிமாக்களைப் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமலதா எதையோ தேடப்போய், பெட்டி வாங்கிய வருஷத்து அப்பாவைத் திறந்தாள்.

பழையவர் சாயம் போகாத கட்டம்போட்ட சட்டையோடு வந்து நின்று, “என்ன, இன்னிக்கு ஆட்டுக்காலா?” என்றார். அவருடன் அந்த வருஷத்து வெயிலும் கொஞ்சம் வந்து தரையில் விழுந்தது. இப்போதைய வெயிலைவிட மஞ்சள் கூடுதலான வெயில். அவர் சூப்பர்வைசராக இருந்த டயர் ரீட்ரெடிங் கம்பெனியின் ரப்பர் வாசனை வந்தது. தெருவில் இப்போது வராத ஐஸ் வண்டியின் மணி கேட்டது. தணிகாசலம் தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தார். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதிலிருந்து பழையவர் தினப்படிப் புழக்கத்துக்கு வந்துவிட்டார்.

வைஃபை எட்டும் வரைதான் அவர் நடமாட்டம். கேட் வரை நன்றாக நடப்பார். கேட்டைத் தாண்டி முருங்கை மரத்தருகே போனால் பேச்சு விட்டு விட்டு வரும். குளியலறையில் பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றுவிடுவார், யாராவது போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அவரை எடுக்கலாம் என்பது இன்னொரு விதி. மாடியில் ஹேமலதா எடுத்திருந்தால் கீழே திவாகரின் போனில் ‘இவர் புழக்கத்தில் இருக்கிறார்’ என்று வரும். யாருடைய புழக்கத்தில், எப்போதிலிருந்து என்பதும் கீழே சின்ன எழுத்தில் வரும். அவசரம் என்றால், பார்க்க மட்டும் என்று பெட்டி ஒருவரைக் கொடுக்கும். அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார், மூடியதும் ஒன்றும் நினைவிருக்காது.

“எனக்கு எப்பவும் தலையாட்டுற அப்பாதான் கெடைக்கிறாரு” என்று திவாகர் குறைப்பட்டுக்கொள்வான்.

தணிகாசலத்துக்குப் பழையவரைப் பிடிக்கும். பழையவர் கேஸ் சிலிண்டரை ஒற்றைத் தோளில் வைத்து மாடி ஏறுவார், ஏறும்போதே விசிலடிப்பார். அந்தத் தோள் தனக்கு இருந்ததே என்று நினைக்கும்போது தணிகாசலத்துக்கு மனசு நிறைந்துவிடும், கண்ணும் கொஞ்சம் நிறையும். வடை விஷயத்தில்தான் எரிச்சல். டாக்டர் எண்ணெய்ப் பலகாரம் கூடாதென்று சொன்னதிலிருந்து அவர் பங்கு வடை பழையவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவரும் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சாப்பிட்டார்.

பொதுவில் இருக்கும் பொருளில் ஆளாளுக்குக் கை வைப்பார்கள். முதலில் ஹேமலதா, பழையவரிடமிருந்து கோபத்தை எடுத்துவிட்டுச் சேமித்தாள். திவாகர் மூக்குப்பொடியை எடுத்தான். எழிலன் மருமகனாயிற்றே, மாமனாரிடம் எதையும் எடுக்கத் தயங்கி, கேரம் விளையாட்டில் அவர் தோற்கும்படி மட்டும் செய்துகொண்டான். நடந்த கதைகளையும் விட்டுவைக்கவில்லை. தனக்குப் பிடித்த மாதிரி ஒரு சம்பவத்தை அவரிடம் சொல்லிச் சேமித்தால், அடுத்த வாரம் அவரே அதை வாயாரச் சொல்வார். பெட்டி அவரவர் பழையவரைத் தனித்தனியாக வைத்துக்கொண்டது, எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தும் ஒருவரை வைத்துக்கொண்டது. இப்படிப் பழையவர் பெட்டிக்குள் பெருத்துக்கொண்டே போனார்.

ஆடி மாதம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இடமில்லை. அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரத்தில் அது யாரையும் நகல் எடுக்கவில்லை.

மற்றவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. தணிகாசலத்துக்குத்தான் பொருள்கள் தொலைகிற வயது. முதலில் மோரின் ருசி தொலைந்தது, குடித்தால் வெள்ளையாக மட்டும் இருந்தது. அப்புறம் வெற்றிலைக்காரம்மாவின் முகம். ஒரு காலையில், வீட்டுக்கு மாடி இருப்பதே அவரிடமிருந்து தொலைந்துவிட்டது. படிக்கட்டு தெரிந்தது, அது எதற்கென்று தெரியவில்லை. “மேலேருந்துதாம்பா வரேன்” என்று ஹேமலதா சொன்னபோது, மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். முன்பானால் சாயங்காலத்துக்குள் மாடியை அவரிடம் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இப்போது தொலைந்தது தொலைந்ததுதான். தணிகாசலத்துக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டு மகனிடம் கேட்டார்.

“திவா, என்னையும் எடுத்து வைப்பா. இப்ப இருக்கிற மாதிரியே. மிச்சம் மீதி இருக்கிறதாவது இருக்கட்டும்.”

திவாகர் சினிமாக்களை அழித்துப் பார்த்தான். போதவில்லை. பாட்டுகளையும் அழித்தான். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது பழையவர்தான். அவரை எடுத்தால் தணிகாசலத்தைத் தாராளமாக வைக்கலாம். ஆனால் பொதுவில் இருப்பவரை அழிக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஹாலில் கூடினார்கள். பழையவரும் இருந்தார், அவர் இல்லாமல் அவரைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை என்று ஹேமலதா திறந்திருந்தாள். அவர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பாவைப் போய் எப்பிடிடா அழிக்கிறது?” என்று ஹேமலதா அழுதாள். “இவரு போய்ட்டா எனக்கு அப்பா வேணும்னா நான் எங்க போவேன்?”

“இங்க ஒக்காந்திருக்கிறவரும் அப்பாதான்” என்றான் திவாகர். சொன்னானே தவிர, அவன் குரலிலும் சுரத்தில்லை.

தணிகாசலம் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலித்தது. பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. அவரையே கேட்டிருந்தாலும் பழையவரைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார், அவ்வளவு நல்ல மனிதர். தன்னை எடுத்து வைக்கும்படி கேட்டதே தப்போ என்று தோன்றியது.

அப்போது குமுதவல்லி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். இத்தனை நாளில் பழையவரை ஒரு தடவைகூட எடுக்காதவள் அவள்தான். வந்தவருக்குச் சோறு போடுவாள், அதோடு சரி. இன்று அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“பசங்க சின்னதா இருக்கிறப்ப மகாபலிபுரம் போயிட்டு வந்தோமே. வர்ற வழியில பஸ் நின்னுபோச்சு. அப்ப நீங்க என்ன பண்ணீங்க?”

“அதை மறக்க முடியுமா?” என்றார் பழையவர். “ஹேமாவை இந்தத் தோள்ல, திவாவை அந்தத் தோள்ல, ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்தேன்.”

ஹேமலதாவுக்கும் திவாகருக்கும் முகம் மலர்ந்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் தன்னை ஒரு தோளில் ஏற்றிச் சேமித்திருந்தாள், அவன் தன்னை ஏற்றிச் சேமித்திருந்தான். பெட்டி வஞ்சனையில்லாமல் இரண்டையும் சேர்த்துவிட்டது.

“என் செருப்பு என்ன ஆச்சு?” என்றாள் குமுதவல்லி.

“எந்தச் செருப்பு?”

அவள் நாற்காலிப் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க.”

தணிகாசலம் பேசிக் கொஞ்ச நாளாகியிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உன் செருப்பு அறுந்துபோச்சு. என்னோடதைக் குடுத்தேன். உன் காலுக்குப் பெருசு, சடக் சடக்குன்னு வந்தே. நான் தார் ரோட்ல வெறுங்கால்ல வந்தேன். பசங்க ரெண்டும் முன்னால ஓடிட்டிருந்தாங்க. யாரும் யாரையும் தூக்கல.”

“திட்டிக்கிட்டே வந்தீங்க.”

“ஆமா, திட்டினேன். கடற்கரைக்கு வர்றவ எவளாவது புதுச் செருப்பு போட்டுக்கிட்டு வருவாளான்னு.”

குமுதவல்லி பிள்ளைகளைப் பார்த்தாள். “அந்தத் திட்டை எங்க வெச்சீங்க?”

ஹேமலதா பழையவரைப் பார்த்தாள். கோபத்தை எடுத்தது அவள்தான். அந்தக் கோபத்தோடு ஒட்டிக்கொண்டு செருப்பும் போயிருந்தது.

பழையவர் நியாயம் தெரிந்தவர். மிச்ச வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து, “அப்ப நான் கெளம்புறேன்” என்றார். யாரும் தடுக்கவில்லை. தணிகாசலம் அவரைக் கேட் வரை கொண்டுபோய் விட்டார்.

“வரட்டுமா?”

“பாத்துப் போ” என்றார் தணிகாசலம். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தம்பியை வழியனுப்புகிறவர் போலக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முருங்கை மரத்தருகே விசில் விட்டு விட்டுக் கேட்டது. கரண்ட் கம்பத்தைத் தாண்டியதும் தெரு மட்டும் இருந்தது. அந்த வருஷத்து வெயில் ஹால் தரையிலிருந்து மெதுவாகச் சுருண்டு வாசல் வழியாக வெளியே போனது. ஹேமலதா தன் கையாலேயே பொத்தானை அழுத்தினாள். மற்றவர்களும் அவரவர் பழையவரை அழித்தார்கள். சிவப்பு விளக்கு அணைந்தது.

தணிகாசலம் குளித்துவிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆடாமல் இருக்க வேண்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றான் திவாகர். இருந்தும் ஆடாமல் இருந்தார். திவாகர் போனில் அழுத்தினான். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு போனில் எழுத்து வந்தது.

‘இவர் புழக்கத்தில் இருக்கிறார்.’

யாருடைய புழக்கத்தில் என்று கீழே பார்த்தான். குமுதவல்லி என்று இருந்தது. எப்போதிலிருந்து என்ற இடத்தில், அவர்கள் கல்யாணம் நடந்த ஆவணி மாதத்துத் தேதி இருந்தது.

“அம்மா, அப்பாவை நீ தெறந்து வெச்சிருக்கே. கொஞ்சம் மூடணும்” என்றான் திவாகர். “நகல் எடுத்ததும் திரும்பத் தெறந்துக்கலாம்.”

“மூடினா அந்த நேரத்துக்கு இவரு எங்க இருப்பாரு?”

திவாகர் பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து புரட்டினான். அதில் அதைப் பற்றி எதுவும் போடவில்லை.

“அப்ப நான் மூட மாட்டேன்” என்றாள் குமுதவல்லி.

“மூடலேன்னா சேமிக்க முடியாதும்மா. நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது தொலைஞ்சா?”

“எங்கிட்ட கேக்கட்டும்.”

திவாகர் சின்னப் புத்தகத்தை மூடி வைத்தான். தணிகாசலம் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஆடியிலிருந்து நெஞ்சில் இருந்த பயத்தைத் தேடிப் பார்த்தார், காணவில்லை. அதையாவது யாரும் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போய் முளைக்கீரைக் கட்டை எடுத்து வந்து ஹாலில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் திவாகர் போனைப் பார்த்தபோது, வைஃபை பெயர்களில் பெட்டியின் பெயருக்கு மேலே புதிதாக ஒரு பெயர் வந்திருந்தது. குமுதவல்லி. கோடுகளெல்லாம் முழுசாக இருந்தன. தொட்டுப் பார்த்தான், பாஸ்வேர்டு கேட்டது. சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கேட்டான்.

“அப்பாவுக்குத் தெரியும்” என்றாள்.

ஹாலுக்கு வந்து அப்பாவைக் கேட்டான். தணிகாசலம் தெரியும் என்று தலையாட்டிவிட்டு, தொடர்ந்து கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.