எட்டாயிரம் அடிக்குக் கீழே

ராஜகுமாரி சிட்னியை ஒட்டிய பரமட்டாவில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் ஆசிரியை. மழையே பார்க்காத பாலைவனமும் பனிமலையும் பெருங்காடும் ஒரே நாட்டுக்குள் அடுத்தடுத்து இருக்க முடியும் என்று காட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் பெரு நாட்டை வரைவாள். கடலோரத்துக்கு மஞ்சள் சாக்பீஸ், நடுவே வெள்ளை, கிழக்கே பச்சை. 1973-ஆம் வருஷம் அப்படி வரைந்துகொண்டிருக்கும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "மிஸஸ் சடகோபன், நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லும்போது அவளுக்கு என்னவோ போலிருந்தது. அன்று சாயங்காலம் ரயில் வீடு இருக்கும் ஸ்ட்ராத்ஃபீல்டு வந்து சேருவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

அவள் மலேசியாவில், செரம்பானில் பிறந்தவள். உபகாரச் சம்பளத்தில் சிட்னிக்குப் படிக்க வந்தாள். சடகோபனுக்கு ஊர் மன்னார்குடி. பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளன். இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் சந்தித்து, இரண்டு வீட்டிலும் கோபித்துக்கொள்ள, பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த ஒரு துணிச்சலிலேயே தன் ஆயுசுக்கான துணிச்சல் முழுவதும் தீர்ந்துவிட்டது என்பது சடகோபனின் நினைப்பு. விடுமுறை என்றால் அவனுக்கு வீடு. அதிகம் போனால் பக்கத்திலிருக்கும் ப்ளூ மவுண்டன்ஸ் மலை. அங்கேயும் தயிர் சாதம் கட்டிக்கொண்டு போய் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

"பெருவுல நமக்கு யாரைத் தெரியும்?" என்று கேட்டான்.

"யாரையும் தெரியாது. அதுக்குத்தானே போறது."

"சாப்பாடு?"

"உருளைக்கிழங்கே முதல்ல அந்த ஊர்ல விளைஞ்சதுதாங்க. மஞ்சள், ஊதா, கறுப்புன்னு வகைவகையா இருக்காம். பயப்படாதீங்க லா." செரம்பான் பேச்சின் அந்த 'லா' இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

உருளைக்கிழங்கு என்றதும் அவன் முகம் கொஞ்சம் இளகியது. அந்த இளக்கத்தை அவள் விடவில்லை. மறுநாளே பெரிய வரைபடம் ஒன்றை வாங்கி வந்து சமையலறைச் சுவரில் குத்திவிட்டாள்.

ஒரு வருஷம் அந்தச் சுவரைச் சுற்றியே ஓடியது. சிட்னியிலிருந்து தாஹிட்டி, அங்கிருந்து லிமா. லிமாவிலிருந்து பஸ்ஸில் பாலைவனத்தின் வழியே நாஸ்கா, அப்புறம் எரிமலை அடிவாரத்தில் இருக்கும் அரெகிபா. அங்கிருந்து ரயிலேறி மலையைக் கடந்தால் டிட்டிகாக்கா ஏரி. ஏரியிலிருந்து இன்னொரு ரயிலில் குஸ்கோ. கடைசியாக, மலைமேல் இடிபாடாக நிற்கும் பழைய நகரம் மச்சு பிச்சு. சிவப்புப் பென்சில் கோடு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மாறும். இட்லி வெந்துகொண்டிருக்கும், அவள் கையில் கரண்டியோடு சுவர் முன்னால் நின்று, "ஏரிக்கரையில, பூனோவுல ரெண்டு நாள் போதுமா?" என்பாள். பயண ஏற்பாட்டுக் கடையில் இருந்த இளைஞன் அதுவரை லண்டனுக்கு மட்டுமே ஆட்களை அனுப்பியவன். அவனுக்கும் அவள்தான் பாடம் நடத்தினாள். மாடி வீட்டில் குடியிருந்த உருகுவே நாட்டுத் தையல்காரி மார்த்தா அவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுத்தாள். ராஜகுமாரி வேகமாகக் கற்றாள். சடகோபன், "நான் மாமிசம் சாப்பிட மாட்டேன்" என்ற ஒரே வாக்கியத்தை முகம் மழிக்கும்போது திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினான்.

ஆகஸ்டு கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் புறப்படுவதாகத் திட்டம். மே மாதம் அவள் வழக்கமான பரிசோதனைக்காக இதய மருத்துவரிடம் போனாள். பதினொரு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கி வைத்திருந்தது. அன்றாட வாழ்க்கைக்கு அது பெரிய தடையாக இருந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு மருத்துவர், குழந்தை பெறுவது உயிருக்கு ஆபத்து என்று சொன்னார். சடகோபன் அப்போது தலையை ஆட்டி, "சரி, வேண்டாம்" என்றான். அப்புறம் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இந்த முறையும் அவன் கூட வந்திருந்தான். மருத்துவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "விமானத்தில் போகலாம். உள்ளே காற்றை அழுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தரையில் எட்டாயிரம் அடிக்கு மேல் போகக் கூடாது. போனால் உங்கள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அங்கே உங்களைக் காப்பாற்ற ஆள் இருக்காது."

அவளுக்கு எல்லா ஊரின் உயரமும் மனப்பாடம். குஸ்கோ பதினோராயிரம். ஏரி பன்னிரண்டரையாயிரம். ரயில் ஏறும் கணவாய் பதினாலாயிரத்துக்கும் மேலே.

"மச்சு பிச்சு?" என்று சடகோபன் கேட்டான்.

"எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழேதான்" என்றாள் அவள்.

"அப்ப அங்கே போகலாமே!"

"போற வழி குஸ்கோங்க."

வீட்டுக்கு வந்ததும் அவள் சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி அலமாரியின் மேல் போட்டாள். சடகோபன் போய் ரசம் வைத்தான். சாப்பிடும்போது, "நியூஸிலாந்து போகலாம். அழகா இருக்குமாம்" என்றான். "நியூஸிலாந்து எங்கயும் ஓடிடாது" என்று அவள் எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் சில நாட்கள் அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. மார்த்தா பாடம் சொல்ல வந்தபோது தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். பள்ளியில் யாரோ பயணத்தைப் பற்றி விசாரித்ததற்கு, "இன்னும் முடிவாகல" என்று பொய் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து வந்தபோது வரைபடம் மறுபடி சுவரில் இருந்தது. அதில் நீலப் பென்சிலால் மேலிருந்து கீழாக ஒரு கோடு வளைந்து வளைந்து ஓடியது. சடகோபன் மேசையில் நூலகத்திலிருந்து கொண்டுவந்த தடிப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"என்னங்க இது?"

"எட்டாயிரம் அடிக் கோடு. மலை எங்கெங்கே உள்ளே தள்ளியிருக்கு, எங்கெங்கே வெளியே நீட்டிண்டிருக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டேன். இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறது பூரா உன்னோடது. பாரு, லிமா உன்னோடது. நாஸ்கா உன்னோடது. அரெகிபா ஏழாயிரத்து அறுநூறுதான், அதுவும் உன்னோடது. எவ்வளவு பெரிய நாடு, குமாரி! நாம இங்கேயே சுத்தலாம்."

அவள் ரொம்ப நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர் விட்டு ஊர் போகவே பயப்படுகிறவன் அவளுக்காக ஒரு மலைத்தொடரையே விளிம்பு விளிம்பாக அளந்திருந்தான்.

"இந்தப் பக்கம் என்னோடது. அந்தப் பக்கம்?"

"அது யாருக்கும் வேண்டாம்."

"இல்லங்க. அந்தப் பக்கம் நீங்க போறீங்க."

சடகோபன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான். "நானா? தனியாவா? எனக்கென்ன தலையெழுத்து?"

"நீங்க குஸ்கோவுக்கு விமானத்துல போங்க. மச்சு பிச்சு பாத்துட்டு, ரயில்ல ஏரிக்கு வந்து, அப்படியே ரயில்லயே அரெகிபாவுக்கு இறங்குங்க. நான் கடலோரமா பஸ்ல வர்றேன். அங்க சந்திக்கலாம்."

"நீ பஸ்ல தனியா? உடம்பை வெச்சுண்டு? நடக்கற காரியமா பேசு. நானும் உன்கூடக் கடலோரமே வரேன். எனக்கு அந்த மலையைப் பாக்கணும்னு ஒரு ஆசையும் இல்ல."

"எனக்கு இருக்கே" என்றாள். "நீங்க போகலைன்னா யாரு எனக்கு வந்து சொல்றது? எனக்காக நீங்க விட்டுக்கொடுத்தது போதும்ங்க. கேக்காமலேயே விட்டுக்கொடுத்துட்டு, அதைப் பத்தி வாயே திறக்காம எட்டு வருஷமா இருக்கீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? இதையாவது விட்டுக்கொடுக்காதீங்க."

சடகோபன் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தான். எதைச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து காபி போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்து வைத்தான்.

"அந்த ஏரி எவ்வளவு குளிரும்?" என்று கேட்டான்.

அப்புறம் சுவரில் இரண்டு கோடுகள் வளர்ந்தன. அவன் பாதையை அவள் வகுத்தாள், அவள் பாதையை அவன் வகுத்தான். அவன் எங்கெங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் பனிமலை தெரியும், முதல் நாள் எதுவும் செய்யாமல் படுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய பஸ் எந்த ஊரில் எவ்வளவு நேரம் நிற்கும், எந்த ஊரில் நல்ல மருத்துவமனை இருக்கிறது என்று அவன் துருவித் துருவி விசாரித்தான். மார்த்தாவுக்கு இவர்கள் செய்வது புரியவே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் பூமியின் மறுபக்கம் போய்த் தனித்தனியாகப் பிரிவதற்கு இவ்வளவு ஆசையாகத் திட்டம் போடுவார்களா என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டு கடைசியில் அவர்கள் போய் இறங்கியபோது லிமாவில் பனிமூட்டம். விமான நிலையத்தில் குஸ்கோ போகும் வரிசையில் சடகோபன் தடுப்பூசிக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றான். இரண்டு முறை திரும்பி வந்து, "மாத்திரை கைப்பைலதானே இருக்கு?" என்று கேட்டான். மூன்றாவது முறை வந்தபோது, கதவை மூடிவிடுவார்கள் என்று அவள் துரத்தினாள்.

அவன் போன பிறகுதான் அவள் கைப்பையைத் திறந்து மாத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அப்புறம் பஸ் ஏறினாள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மணல், இரண்டும் ஒரே சாம்பல் நிறம். ஆறு வருஷமாக மஞ்சள் சாக்பீஸால் பூசிய இடம் அப்படியொன்றும் மஞ்சளாக இல்லை. அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பக்கத்திலிருந்த கிழவியிடம் தன் அரைகுறை ஸ்பானிஷில் அதைச் சொல்லியும் பார்த்தாள். கிழவி ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தாள். பஸ்ஸில் கோழிகள் இருந்தன, பாட்டு இருந்தது, ஓரிடத்தில் டயர் வெடித்து எல்லாரும் இறங்கி மணலில் உட்கார்ந்தார்கள். யாரும் அவளை விசித்திரமாகப் பார்க்கவில்லை. உள்ளூர்க்காரி என்று நினைத்து வழி கேட்டவர்கள்கூட இருந்தார்கள்.

அரெகிபா ரயில் நிலையத்துக்கு அவள் சீக்கிரமே போய்விட்டாள். வெயில் சாயும் நேரத்தில் ரயில் வந்தது. மூட்டைகளும் போர்வைகளும் இறங்கின, பெண்கள் இறங்கினார்கள், சடகோபன் இறங்கவில்லை. கம்பளிக் குல்லாயும் சவரம் செய்யாத முகமுமாக ஒரு ஆள் அவள் எதிரே வந்து நின்று பல்லைக் காட்டினான். மூக்குத் தோல் உரிந்திருந்தது.

"அடையாளம் தெரியலயா?" என்றான்.

அவள் அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். வறுத்த உருளைக்கிழங்கு வந்தது. சடகோபன் அதைத் தொடாமல் பேச ஆரம்பித்தான்.

"முதல்ல ஒண்ணு கேக்கணும். குஸ்கோவுல இறங்கின அன்னிக்கு ஹோட்டல் மாடிப்படி ஏறினேன். பாதியில மூச்சு முட்டிப் போச்சு. நெஞ்சுக்குள்ள யாரோ பிடிச்சுத் திருகற மாதிரி. பின்னாடி ரெண்டு பேர் வரா. எனக்கு வெக்கம். சுவத்துல ஒரு படம் மாட்டியிருந்தது, அதை ரசிக்கற மாதிரி நின்னுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "ஸ்ட்ராத்ஃபீல்டு ஸ்டேஷன் படியில நீ நின்னு விளம்பரம் படிப்பியே. ரயில் போயிடும், சீக்கிரம் வான்னு நான் மேலேருந்து கத்துவேனே. இதுதானா அது?"

ராஜகுமாரி தட்டைப் பார்த்தாள்.

"சில நாள் நெஜமாவே விளம்பரம்தாங்க படிச்சேன்" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மச்சு பிச்சுவைச் சொன்னான். மேகம் காலுக்குக் கீழே கிடந்ததைச் சொன்னான். யாரோ வெட்டிய வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடுவதைச் சொன்னான். அதில் கை நனைத்தானாம், ஐஸ் மாதிரி இருந்ததாம். ஏரியில் கோரைப்புல்லைப் பரப்பி அதன் மேல் மனிதர்கள் வீடு கட்டி இருப்பதையும், கால் வைத்தால் தரை மெத்தை போல் அமுங்குவதையும் எழுந்து நின்று நடந்து காட்டினான். "உன்கிட்ட வந்து சொல்லணுமேன்னு ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை பாத்தேன்" என்றான். அவளுக்கு ஒரு கணம் நெஞ்சில் சுருக்கென்றது. நான் பார்க்க வேண்டியதல்லவா என்று தோன்றியது. ஆனால் எட்டு வருஷத்தில் அவன் இப்படி மூச்சுவிடாமல் பேசி அவள் கேட்டதில்லை. கேட்கக் கேட்க அந்தச் சுருக்கு எங்கேயோ போய்விட்டது.

"நீ சொல்லு. நாஸ்காவுல என்ன பாத்தே?"

"பாலைவனத்துல கோடு போட்டு வரைஞ்ச படங்க. ஒரு குரங்கு, வாலு இப்படிச் சுருண்டிருக்கு. ஒரு பெரிய பறவை. தரையில நின்னா ஒண்ணுமே தெரியாது, மேலேருந்துதான் பாக்கணும்."

"மேலேருந்துன்னா?"

"விமானத்துல போனேன்."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "விமானமா? எத்தனை இன்ஜின்?"

"ஒண்ணு. கதவைக் கயித்தால கட்டியிருந்தாங்க."

"குமாரி!"

"எட்டாயிரம் அடிக்குக் கீழதாங்க பறந்துச்சு. வாந்தி எடுத்தேன். எடுத்துட்டு மறுபடியும் ஒரு சுத்து சுத்தச் சொன்னேன், அந்தக் குரங்கைச் சரியாப் பாக்கல."

சடகோபன் ஆறிப்போன உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தான்.

மறுநாள் காலை சந்தைப் பக்கம் நடந்தார்கள். வெள்ளைக் கல் வீடுகளுக்கு மேலே எரிமலை துல்லியமாகத் தெரிந்தது. தெரு கொஞ்சம் ஏற்றம். பாதி தூரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நிற்கலாமா என்று யோசிப்பதற்குள் சடகோபன் ஒரு கடை ஜன்னலின் முன் நின்றுவிட்டான்.

"என்ன பாக்கறீங்க?"

"செருப்பு."

உள்ளே இருந்ததெல்லாம் பெண்கள் செருப்பு. அவளும் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். இரண்டு பேரும் அவசரமே இல்லாமல் அவற்றைப் பார்த்தார்கள்.